இஸ்திரி உருளையும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணிக்குத் தாளம் நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த எல்லோரில் என்னையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வீட்டுக்கு வந்த முதல் மாதம், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடியதைக் கேட்டு, "அண்ணி, யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டவள் நான்தான். நாத்தனார் என்றால் சும்மாவா? அன்றோடு சமையலறைப் பாட்டு நின்றுபோனது. அதற்காக நான் பிற்பாடு எத்தனை முறை என் தலையில் நானே குட்டிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எனக்கு முன்பே அதைச் சொன்னவர்களும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குக் குழுவாகப் பாட ஆள் எடுத்தபோது, பாட்டு டீச்சர் நாலு வரி கேட்டாராம். "நீ முந்துற, அப்புறம் பிந்துற. உன்னால மத்தவங்களும் கெட்டுப்போவாங்க" என்று சொல்லி, நாற்காலி தூக்கிப் போடும் கூட்டத்தில் சேர்த்துவிட்டாராம். பத்து வயதில் காதில் விழுந்த பேச்சு அது. அண்ணி அதை முப்பது வருடம் அப்படியே நம்பினார். ஆள் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பாடமாட்டார். குரல் என்னவோ அருமையான குரல். லேசான கரகரப்பும் அடியில் ஒரு சூடுமாக இருக்கும். எனக்கு அது அப்போதே தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை.

அவர் பயமில்லாமல் பாடும் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அது நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் சலவைக்கூடம்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் கூடத்தின் வேலை. ஒரு நாளைக்கு நாலாயிரம் விரிப்பு. கூடத்தின் நடுவில் இஸ்திரி உருளை மெஷின், இரட்டைக் கட்டில் அகலத்துக்கு, ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும். ஒரு பக்கத்தில் இரண்டு பேர் ஈர விரிப்பின் மூலைகளைப் பிடித்து உதறி உள்ளே கொடுக்க வேண்டும். மறுபக்கத்தில் இரண்டு பேர் சுடச்சுட வெளியே வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். அண்ணி கொடுக்கிற பக்கம். நான் மடிக்கிற பக்கம். நடுவில் மெஷின் மறைப்பதால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. பிடிக்கத் தவறினால் விரிப்பு தரையில் விழும், தரையில் விழுந்தது மறுபடி துவைக்கப் போகும், மேற்பார்வை மேடத்திடம் வாங்கிக்கட்டிக்கொள்வது தனி. அதனால் கொடுக்கிறவர் "வருது" என்று குரல் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் "பிடிச்சாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் இதை மீறினால் கை சுட்டுக்கொள்வது நிச்சயம்.

மற்றவர்கள் "வருது" என்று கத்துவார்கள். அண்ணி அதைப் பாடுவார். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"வருது வருது, பிடி பிடி, விட்டா மறுபடி தொவைக்கணும், பிடி பிடி."

மெஷினை ஓட்டும் சங்கிலியில் ஒரு பல் தேய்ந்திருந்தது. அது சுற்றி வரும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு 'டக்'. அண்ணியின் பாட்டு அந்த 'டக்'கின் மேல் உட்கார்ந்துகொண்டு போகும். நான் இந்தப் பக்கம் "பிடிச்சாச்சு" என்பேன். பதினோரு வருடம் இப்படியே போயிற்று. அது பாட்டு என்று எனக்கே தோன்றியதில்லை, வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன், நான், அவன் என்று நாங்கள் மூன்று பேர். அவன் கடைக்குட்டி, லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹவுஸ் மியூசிக் செய்வான். டும் டும் டும் டும் என்று நிமிடத்துக்கு நூற்றிருபது சொச்சம் அடி, அதற்குக் கீழே வயிற்றைக் கலக்கும் பேஸ் என்கிற கனத்த ஒலி, மேலே திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிப் பாட்டு. ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அந்த இசையின் நோக்கம். ஒன்பது வருடத்தில் நாற்பது பாட்டு செய்திருந்தான். நாற்பதையும் கேட்டவர்கள் எங்கள் வீட்டு நாலு சுவர்கள் மட்டுமே. அண்ணன் சாது, ஆனால் அவருக்கே ஒரு நாள் பொறுமை போய், "வீட்டுல போட முடியாத பாட்டுக்கு எவன்டா ஹவுஸ் மியூசிக்னு பேர் வச்சான்?" என்று கத்தினார். தம்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் எங்கள் கூடத்தின் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றுபோய், அதைப் பார்க்க அவனையே அனுப்பியிருந்தார்கள். கையில் ஸ்குரூ டிரைவரோடு உள்ளே வந்தவன், உருளை மெஷின் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். கால் மணி நேரம் நின்றான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த துணி வண்டியைப் பற்றி மேடம் மூன்று முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் அண்ணி முன்னால் போய் நின்றான். "அண்ணி, நீங்க அங்க பாடினத எனக்குப் பாடிக் குடுங்க. ஒரே ஒரு தடவை."

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கேட்டுச்சா உனக்கு? ஐயோ, அதெல்லாம் பாட்டே இல்ல தம்பி. எனக்குத் தாளமே வராது."

அவன் ஒற்றைக் காலில் நின்றான். மூன்று நாள் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தான். துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கை வைத்து, அண்ணியை நிறுத்தினான். காதில் ஹெட்ஃபோன். அதில் கம்ப்யூட்டர் தரும் 'டிக் டிக்' மட்டும் கேட்கும், அதன் மேல் பாட வேண்டும். அண்ணி பாடினார். முதல் வரி டிக்கோடு போயிற்று. இரண்டாவது வரியில் முந்திக்கொண்டார். தெரிந்ததும் பயந்து பிந்தினார். டிக் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். பத்தொன்பது முறை. தம்பி ஒவ்வொரு முறையும் "நல்லா வருது அண்ணி" என்று வாய் கூசாமல் பொய் சொன்னான். இருபதாவது முறைக்கு முன்னால் அண்ணி ஹெட்ஃபோனைக் கழற்றினார். தொங்கவிட்ட போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நான்தான் சொன்னேனே தம்பி" என்றார்.

எனக்கு அன்றைக்குத் தாங்கவில்லை. அழுதால் கூடப் பரவாயில்லை, அவர் மூலைக்கு மூலை சரியாக வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். தம்பி மேல் பாய்ந்தேன். "மெஷின்கிட்ட நிக்கிற பாட்டு உன் அலமாரிக்குள்ள மட்டும் ஏன்டா நிக்கல? தப்பு அண்ணிகிட்ட இல்ல, உன் டிக் டிக்லதான் இருக்கு. அந்தக் கண்றாவிய எடுத்துட்டு அங்க வந்து பதிவு பண்ணு!"

சும்மா திட்டுவதற்காகச் சொன்னேன். அவன் என்னையே வெறித்துப் பார்த்தான். பிறகு எழுந்து மைக்கைப் பையில் போட்டான்.

மேடத்திடம் அனுமதி கேட்டபோது அவர் ஒரே நிபந்தனைதான் போட்டார். "என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. துணி நிக்கக் கூடாது."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. தம்பி ஒரு மைக்கை நீராவிக் குழாயில் துண்டு சுற்றிக் கட்டி அண்ணி பக்கம் வைத்தான், இன்னொன்றைச் சங்கிலிக்குக் கீழே. மூன்றாவதாக ஒன்றை என் பக்கம் வைத்ததை என்னிடம் சொல்லவில்லை, திருடன். "அண்ணி, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அண்ணி முதல் ஐந்து விரிப்புக்கு வாயைத் திறக்கவில்லை. ஆறாவது விரிப்பில் பழக்கம் ஜெயித்தது. ஆறரை நிமிடம் பாடினார். நடுவில் ஒரு தடித்த மேல்விரிப்பு உள்ளே போனபோது மெஷின் முக்கி முனகி மெதுவாயிற்று, அண்ணியின் குரலும் அதோடு சேர்ந்து இழுபட்டது. விரிப்பு வெளியே வந்ததும் மெஷின் விட்டதைப் பிடிக்க ஓடியது, குரலும் துள்ளிக்கொண்டு ஓடியது. ஒரு இடத்தில்கூட 'டக்'கும் குரலும் பிரியவில்லை.

தம்பி மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, அண்ணிக்குத் தாளம் தப்பவே இல்லக்கா. அவங்க கடிகாரத்தோட பாடல. எதிர்ல இருக்கறது எப்படி மூச்சு விடுதோ அப்படிப் பாடுறாங்க."

அதற்கப்புறம் இரண்டு வாரம் லீவு போட்டான். இங்கேதான் அவன் ஒரு தப்பைச் செய்தான். ஹவுஸ் செய்கிறவர்கள் நாலு அடி அடித்துவிட்டு அதையே கம்ப்யூட்டரில் வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். சீராக இருக்கும். இவனோ சங்கிலியின் 'டக்'கைக் கேட்டுக்கொண்டே ஆறரை நிமிடத்துக்கும் தன் விரலாலேயே டும் டும் தட்டினான். மெஷின் மெதுவானால் இவனும் மெதுவானான், ஓடினால் இவனும் ஓடினான். பேஸையும் அப்படியே வாசித்தான். விரல் நுனி வீங்கிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பென்று தெரியவில்லை. அண்ணன்கூட அன்றைக்குத்தான் முதல் முறையாக ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கேட்டுக்கொண்டே முழங்காலில் தாளம் போட்டார்.

தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கம்பெனிக்காரர். பாட்டுகளை வெளியிடும் கம்பெனி, பதினாலாவது மாடி, எப்போதும் கோட் போட்டிருப்பார். பாட்டை அனுப்பிய நாலாவது நாளே கூப்பிட்டுவிட்டார். அண்ணி, தம்பி, நான் மூன்று பேரும் போனோம்.

"பிரமாதமான வரி. வருது வருது, பிடி பிடி. காதலத்தானே சொல்றீங்க?" என்று அண்ணியைக் கேட்டார்.

"இல்ல சார், பெட்ஷீட்" என்றார் அண்ணி.

அவர் இருமிவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஆட்டம் நடக்கும் இடங்களில் பாட்டு போடும் டி.ஜே. ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். இரண்டின் அடியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அப்போதுதான் ஆடுகிறவர்களின் கால் தடுமாறாது. எங்கள் பாட்டோ நிமிடத்துக்கு நிமிடம் வேறு வேறு வேகத்தில் போகிறது, உலகத்தில் எந்தப் பாட்டோடும் பொருந்தாது. "டி.ஜே. தொடமாட்டார். டி.ஜே. தொடாத ஹவுஸ் பாட்டு செத்த பாட்டு. இதைக் கம்ப்யூட்டர்ல நேராக்குங்க. குரலையும் மாத்திடலாம். டிக்கோட பாடத் தெரிஞ்ச பயிற்சி பெற்ற பாடகி என்கிட்ட இருக்காங்க."

ஒன்பது வருடம் ஹவுஸ் செய்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். அவனுடைய நாற்பது பாட்டில் ஒன்றைக்கூட எந்த டி.ஜே.யும் போட்டதில்லையே, அந்தப் பிரச்சினை வந்தால்தானே தெரியும்!

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் குரல எடுத்துட்டுப் போட்டுடு தம்பி. உன் ஒன்பது வருஷம் என்னால வீணாகக் கூடாது."

"அண்ணி, சும்மா இருங்க" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. அவர் படிச்சவர், அவருக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் சொல்றதத்தான அவரும் சொல்றார்."

தம்பி பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். அவனை அந்த நிமிடம் அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் தவிப்பும் எனக்குத் தெரிந்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதவு திறந்திருந்தது, அதற்குள் அண்ணியை விட்டுவிட்டுத்தான் நுழைய முடியும் என்கிறார்கள்.

பாட்டை நேராக்கினான். பாடகி வந்தார். நல்ல பெண், வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், ஒரே தடவையில் பிசிறில்லாமல் பாடி முடித்தார். நேராக்கிய அடியின் மேல் அந்தக் குரலை வைத்துக் கேட்டோம். எல்லாம் சரியாக இருந்தது. கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது, உள்ளே ஆள்தான் இல்லை. பாடகி நெற்றியைச் சுருக்கினார்.

"முன்னாடி யாரோ பாடியிருக்காங்கன்னு சொன்னாங்களே, அத நான் கேக்கலாமா?"

தம்பி போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "இத வச்சுக்கிட்டு என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க? இத மாத்தினீங்கன்னா உங்களுக்குத்தான் கேவலம்." வாசலில் நின்று மறுபடி திரும்பி, "அந்த நடுவுல இழுத்துட்டுத் துள்ளுற இடம் இருக்கே, அது எனக்குச் சத்தியமா வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். தம்பி அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டான். மெஷினோடு பதிவான பாட்டை, அண்ணியின் குரலோடு, தானே இணையத்தில் வெளியிட்டான். பன்னிரண்டு டி.ஜே.க்களுக்கு அனுப்பினான். பத்துப் பேரிடமிருந்து பதிலே வரவில்லை. ஒருவர், "என்ன தம்பி, என்கூட விளையாடுறியா?" என்று எழுதினார். மிச்சம் ஒருவர்.

அவர் வார நாட்களில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், நாலு மாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டைமாடியில் பாட்டு போடுவார். நல்ல வெயிலில் எண்ணூறு பேர் ஆடுவார்கள். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். அண்ணி வர மறுத்துவிட்டார். தலைவலியாம். நானும் தம்பியும் போய் ஒரு தூணோரமாக நின்றோம்.

பல் டாக்டர் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குள் எங்கள் பாட்டை மெல்ல நுழைத்துப் பார்த்தார். இரண்டு பேர் ஒரே மாடிப்படியில் இடித்துக்கொண்டு தடதடவென்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். சட்டென்று எடுத்துவிட்டார். அடுத்த பாட்டில் மறுபடி நுழைத்தார். மறுபடி அதே தடதட. ஆடுகிறவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது முறை பல் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மொத்த மாடியும் நிசப்தம். கீழே தெருவில் போகும் வண்டிச் சத்தம்கூடக் கேட்டது. மைக்கை எடுத்தார்.

"இந்தப் பாட்டு யாரோடயும் சேராதாம். தனியாத்தான் வருமாம். வரட்டும், பாக்கலாம்."

'டக்.' 'டக்.' சங்கிலி மட்டும். பிறகு அண்ணி. வருது வருது. அத்தனை பெரிய ஸ்பீக்கரில் அந்தக் கரகரப்பைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்ணூறு பேரும் அசையாமல் கேட்டார்கள். டும் டும் இறங்கியதும் ஒரே நேரத்தில் எண்ணூறு ஜோடிக் கால்கள் எழும்பின. நடுவில் அந்தத் தடித்த மேல்விரிப்பு வந்தது. பாட்டு முக்கிக்கொண்டு மெதுவானபோது ஆட்களும் முட்டியை மடக்கி மெதுவானார்கள், என்ன நடக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது விடுபட்டு ஓடியபோது அவர்கள் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இதுவரை எந்த ஹவுஸ் பாட்டும் அவர்களை அப்படிப் பிடித்து வைத்துப் பிறகு விட்டதில்லை. அண்ணி "பிடி பிடி" என்றதும், ஸ்பீக்கருக்குள்ளிருந்து, வீட்டில் கேட்டபோதெல்லாம் இல்லாத ஒரு கட்டைக் குரல் "பிடிச்சாச்சு" என்றது.

"டேய், அது நான்டா!" என்று அலறினேன்.

"தெரியும், பேசாம இரு" என்றான் தம்பி. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். பல் டாக்டர் மூன்று முறை போட்டார். மூன்றாவது முறை எண்ணூறு பேரும் சேர்ந்து "பிடிச்சாச்சு" என்றார்கள். என் வேலையை எண்ணூறு பேர் செய்தார்கள் என்றால் எனக்குத் தலைகால் புரியுமா? வீட்டுக்கு வந்து அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் ஒழுங்காகச் சொல்ல முடியாமல் உளறினேன். அண்ணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலோ என்று சந்தேகம்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. டி.ஜே.க்கள் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். வேறு வழியும் இல்லை, பாட்டு எதோடும் சேராதே. எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு நிமிடம் அமைதியாக விட்டு, பிறகு எங்கள் பாட்டு. அந்த அமைதி வந்தாலே கூட்டம் கத்த ஆரம்பித்துவிடுமாம், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்து. வானொலியின் வாரப் பட்டியலில் முப்பத்தெட்டாவதாக நுழைந்தது. அடுத்த வாரம் பதினாறு. அதற்கடுத்து ஐந்து. நாலாவது வாரம் முதலிடம். ஏழு வாரம் அங்கேயே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பஸ்ஸில் ஒலித்தது. முடிவெட்டும் கடையில் ஒலித்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒலித்து, மெதுவாகும் இடத்தில் எடையைத் தூக்கி நிறுத்திவைத்துக்கொண்டு நிற்பதைப் போட்டியாகவே ஆக்கிவிட்டார்கள். தம்பி பழுது பார்க்கப் போகும் லிஃப்டுகளுக்குள்ளேயே அவன் பாட்டு ஓடியது, அவன் யாரென்று யாருக்கும் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து போல்ட்டு முடுக்கினான். எங்கள் கூடத்தில் மேடம் ஒரு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினார். அண்ணி அதை நிறுத்தச் சொன்னார். "நேர்லயே பாடுறேன், அது எதுக்கு மேடம் ரெண்டாவதா?" என்றார். அவ்வளவு தைரியம் வந்திருந்தது. ஆனால் அந்தத் தைரியம் கூடத்துக்குள் மட்டும்தான். வெளியே யாராவது விசாரித்தால் என் பின்னால் ஒளிந்துகொள்வார்.

பாட்டைத் தன் கம்பெனிக்குக் கேட்டுக் கோட்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். இந்த முறை குரலை மாற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. அண்ணி அவருக்குத் தேநீர் கொடுத்தார். நான் கொடுத்திருந்தால் ஆறினதாகக் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஒரு விஷயம் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அந்தக் குரல் மனுஷக் குரலே இல்லை, கம்ப்யூட்டர் செய்தது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. இப்படி வளைந்து நெளிந்து யாராலும் பாட முடியாதாம். பெரிய பெரிய ஆட்கள் இதை எழுதினார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு, "போகட்டும் விடு" என்றார். விடுகிற ஆளா நான்? பெரிய மைதானத்தில் ஞாயிறு மதியம் நடக்கும் இசை விழாவுக்கு அழைப்பு வந்தபோது, அண்ணிக்காக நானே சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர் என்னோடு நாலு நாள் பேசவில்லை.

மைதானத்தில் இருபதாயிரம் பேர். மேடைக்குப் பின்னால் ஒரு தகர அறை. விழா நடத்துகிறவர் வந்து விவரம் சொன்னார். "அம்மா, உங்களுக்கு மேடைப் பழக்கம் இல்ல. பதிவான பாட்டே ஓடும். நீங்க வாய அசைச்சாப் போதும். ஒண்ணும் தப்பு நடக்காது."

நான் வாயைத் திறக்கப் போனேன். தம்பி என் காலை மிதித்தான். முடிவு அண்ணியுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன், சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. வெளியே அந்தக் கூட்டத்தின் இரைச்சல் தகரத்தை அதிரவைத்துக்கொண்டிருந்தது. அண்ணி தலையை நிமிர்த்தி அந்த இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"வாய மட்டும் அசைக்கறதுக்கா நான் லீவு போட்டு வந்தேன்?" என்றார். "நான் பாடுறேன். தப்பாப் போனா போகட்டும், ஆனா என் வாயிலேர்ந்து வரட்டும்."

மெஷினை மேடைக்குக் கொண்டுவர முடியாது. டிரம் வாசிக்க ஒரு ஆள் இருந்தார், காதில் டிக் டிக் ஓடும் ஹெட்ஃபோனோடு. அண்ணி மைக் முன்னால் போய் நின்றார். சலவைக்கூடத்துச் சீருடையிலேயேதான் வந்திருந்தார், வேறு எதில் நின்றாலும் கை எங்கே வைப்பதென்று தெரியாதாம். ஆரம்பித்தார். நாலாவது வரியிலேயே டிக்கை விட்டு விலகிவிட்டார். அடி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டிரம்காரர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணியும் அவரைப் பார்த்தார். அவர் ஒரு கையால் அடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கீழே எறிந்தார்.

"அக்கா, நீங்க போங்க! நான் வரேன்!"

அண்ணி போனார். அப்பா, என்ன போக்கு! இழுத்தார், நிறுத்தினார், துள்ளவிட்டார். டிரம்காரர் அவருடைய தோளையே பார்த்து அடித்தார், அந்தத் தோள் ஏறினால் அடி ஏறியது, இறங்கினால் இறங்கியது. இருபதாயிரம் பேர் கைதட்ட ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் குரல் என்று எழுதியவர்கள் எங்கேயாவது நின்றிருந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. மேடையோரத்தில் நின்று நான் ஓவென்று அழுதேன், பக்கத்தில் தம்பி அதைவிடச் சத்தமாக அழுதான். அண்ணன் எங்கள் இருவரையும் தெரியாதவர் போல் ஒதுங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திடீரென்று அண்ணி கையைத் தூக்கினார். டிரம் நின்றது. பாட்டு நின்றது. கூட்டம் திகைத்து அடங்கியது. மறந்துவிட்டாரா, மயக்கம் வருகிறதா என்று நான் பாதி மேடைக்கு ஓடிவிட்டேன்.

அண்ணி மைக்கை இழுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேலை நேரத்தில் புது ஆள் யாராவது விரிப்பைத் தவறவிட்டால் வருமே, அந்தக் குரல்.

"கை தட்டறது பிந்துது. அந்தப் பின்வரிசை ரொம்ப பிந்துது. என்னைப் பாத்துத் தட்டுங்க. எங்க, முதல்லேர்ந்து."

இருபதாயிரம் பேரும் மறுபேச்சு பேசாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.